குவைத் சண்டைக்கு உண்மையில ஆர் பொறுப்பு?

உவர்மலைப் பொடியன்
எல்லாருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை எங்கட வீட்டில பெரிய வாய்ச்சண்டை, 90 ஆகஸ்டில ஈராக் குவைத்தைப் பிடிச்ச கதையில. பெரியம்மா 90ல குவைத்தில வீட்டுவேலைக்கு நிண்டவ, மாமா ஈராக்கை ஆண்ட சதாம் உசேன்ட பரம ரசிகர். மாமா சொல்றார் குவைத்காரன் ஈராக்கிட எண்ணெயைக் களவெடுத்தான், கடனைக் கேட்டு நெருக்கினான், அமெரிக்கா "நீ போடா" எண்டு விட்டுட்டுப் பிறகு அடிச்சது, சதாம் பொறியில மாட்டின மனுசன் எண்டு. பெரியம்மா கேட்டா, "அப்ப அந்த டாங்கியெல்லாம் தானா உருண்டு வந்ததா?" மாமா தேத்தண்ணியையும் குடிக்காம எழும்பிப் போயிட்டார். எனக்கு யூடியூபில பாத்து மண்டை காஞ்சதுதான் மிச்சம், ஒவ்வொருத்தனும் ஒவ்வொரு கதை. வாசிச்ச ஆக்கள், அங்க நிண்ட ஆக்கள் இருந்தா கொஞ்சம் சொல்லுங்க.

கொட்டியாரம்
மாமாவை ஒரேயடியாத் தள்ளி விடாதீங்க தம்பி. 80ல இருந்து 88 வரைக்கும் ஈராக் ஈரானோட அடிபட்டு முடிய நாடே கடனில. குவைத் மட்டுமே 1400 கோடி டாலர் அளவில குடுத்திருந்தது. சதாம்ட நியாயம் என்னெண்டா, நான் ஈரானை மறிச்சது உங்களுக்காகவும்தான், அந்தக் காசை கடன் எண்டு எப்படிக் கணக்கு வைப்பீங்க எண்டு. அவங்க தள்ளுபடி செய்ய மாட்டம் எண்டுட்டாங்க. அது போக ஒபெக் (எண்ணெய் விக்கிற நாடுகளிட கூட்டமைப்பு) குடுத்த கோட்டாவை விடக் கூட எண்ணெய் எடுத்து வித்தாங்க, விலை விழுந்திச்சு, ஒரு பீப்பாய்க்கு ஒரு டொலர் குறைஞ்சா தனக்கு வருசத்துக்கு 100 கோடி டொலர் நட்டம் எண்டு ஈராக் கத்தினது பொய்யில்ல. ருமைலா எண்ணெய் வயல் எல்லைக்கு ரெண்டு பக்கமும் கிடக்கு, அதில சரிவாத் துளை போட்டு எங்கட பக்கத்து எண்ணெயை இழுத்திட்டாங்க எண்டு ஈராக் 240 கோடி டொலர் கேட்டது. குவைத் இல்லையெண்டது. கடைசியா ஜூலை 25ல அமெரிக்கத் தூதுவர் ஏப்ரல் கிளாஸ்பி சதாமைச் சந்திச்சு, அரபு நாடுகளுக்கு இடையில உள்ள எல்லைப் பிரச்சினையில எங்களுக்கு ஒரு கருத்தும் இல்ல எண்ட மாதிரிச் சொன்னவ. ஒரு வாரத்தில சண்டை. நீங்களே யோசிங்க.

கடலைக்காரன்
எல்லாம் எண்ணெய்தான் மச்சான். எங்கட திருகோணமலைச் சீனக்குடா எண்ணெய்த் தாங்கி 99ஐயும் ஆராவது கவனிச்சுக்கொள்ளுங்க.

பழைய லைப்ரரி
கடலைக்காரன், சீனக்குடாக் கதையை வேற திரியில வையுங்க, இது ஏற்கனவே நீளப்போகுது.

கொட்டியாரம் அண்ணே, நீங்க சொன்ன ஒண்டும் பொய்யில்ல, ஆனா அரைவாசியில நிப்பாட்டிட்டீங்க. திகதியை வரிசையா வச்சுப் பாருங்க. ஜூலை கடைசியில ஜெனீவாவில ஒபெக் கூட்டம் நடந்தது, குவைத் கோட்டாவுக்குள்ள நிப்பம் எண்டு ஒத்துக்கொண்டது, பீப்பாய்க்கு 21 டொலர் எண்டு இலக்கும் வச்சாங்க. அப்ப விலைப் பிரச்சினை அங்கயே பாதி தீந்திட்டுது. பிறகு ஜித்தாவில ரெண்டு பக்கமும் கதைக்க இருந்தாங்க, அது ஆகஸ்ட் 1ம் திகதி முறிஞ்சுது, அடுத்த நாள் விடியற்காலையில ஆமி உள்ளுக்க. ஒரு லட்சம் பேர் அளவில ஆமியை எல்லையில கொண்டுவந்து அடுக்கிறதுக்கு எத்தனை நாள் வேணும், அது பேச்சு முறிஞ்ச கோவத்தில ஒரு ராவில செய்யிற வேலையா? பேச்சு நடக்கேக்குள்ளயே படை தயார்.

அடுத்தது எல்லை. குவைத் வெள்ளைக்காரன் வெட்டின துண்டு, முந்தி ஈராக்கிட பஸ்ராவோட சேந்தது எண்டு சொல்லுவாங்க. 1899ல குவைத்தை ஆண்ட ஷேக் முபாரக் பிரிட்டனோட ரகசியமா ஒப்பந்தம் போட்டது உண்மை, 1922ல பிரிட்டிஷ் அதிகாரி பெர்சி காக்ஸ் உகைர் எண்ட இடத்தில குந்தி இருந்து அந்தப் பக்கத்து எல்லையெல்லாம் கீறினதும் உண்மை. 61ல குவைத்துக்குச் சுதந்திரம் கிடைச்ச ஒரு கிழமைக்குள்ள ஈராக் பிரதமர் காசிம் இது எங்கட எண்டு நிண்டார், பிரிட்டிஷ் ஆமி திரும்ப வந்து இறங்க வேண்டியதாப் போச்சு. ஆனா 1963 ஒக்டோபரில ஈராக் தானே கையெழுத்து வச்சு குவைத்தைத் தனி நாடு எண்டு ஏத்துக்கொண்டது. அதை ஆரும் சொல்ல மாட்டாங்க. கையெழுத்து வச்ச உறுதியைப் பெட்டிக்குள்ள வச்சிட்டு, பக்கத்துக் காணி எங்கட அப்பப்பாட எண்டு வேலியைப் பிடுங்கினா என்ன சொல்றது?

சரி, ருமைலாதான் பிரச்சினை எண்டா ருமைலாவைப் பிடிச்சுக்கொண்டு நிண்டிருக்கலாம், கடல் வழி வேணுமெண்டா வர்பா, புபியான் தீவுகளோட நிப்பாட்டியிருக்கலாம். அவர் முழு நாட்டையும் விழுங்கி, ஆகஸ்ட் 8ல இணைச்சாச்சு எண்டு அறிவிச்சு, மாசக் கடைசியில 19வது மாகாணம் எண்டார். கடன் குடுத்தவனையே இல்லாம ஆக்கினா கடனும் இல்லத்தானே.

அமெரிக்கா யோக்கியம் எண்டு நான் சொல்லேல்ல. ஈரானோட அடிபடேக்குள்ள சதாமுக்கு உதவினதே அவங்கதான். ஒரு பெட்டைப் பிள்ளை வோஷிங்டனில அழுது அழுது சொன்ன கதை ஞாபகமா, ஈராக் ஆமி ஆஸ்பத்திரியில இன்கியுபேட்டரில இருந்த குழந்தைகளை எடுத்துக் கீழ போட்டதெண்டு? அந்தப் பிள்ளை குவைத் தூதுவரிட மகள் எண்டு சண்டை முடிஞ்ச பிறகுதான் வெளிய வந்தது, கதையும் நிரூபணமாகேல்ல. கிளாஸ்பி கதைச்சதும் கோழைத்தனமான கதைதான். ஆனா ஒருத்தர் தடுக்கேல்ல எண்டுறது வேற, ஒருத்தர் செய்தார் எண்டுறது வேற. என்ட கணக்கில குவைத்துக்குப் பேராசை, அமெரிக்காவுக்குக் கள்ளத்தனம், படையெடுப்பு முழுக்க சதாம் தலையில.

கிண்ணியா ராத்தா
நான் அங்க இருந்தவள், அதால எழுதுறன், பிழையிருந்தா பொறுங்க, ஃபோனில தட்டுறன். எங்கட மதாம் குடும்பம் கோடை லீவுக்கு லண்டன் போயிருந்தாங்க, குவைத்காரர் மிச்சம் பேர் அந்த நேரம் வெளியிலதான். வீட்டுச் சாவி என்ட கையில, கூட ஒரு பிலிப்பைன்ஸ் பிள்ளை. ஆகஸ்ட் ரெண்டு வியாழக்கிழமை, சுபஹ் நேரம் தூரத்தில இடிக்கிற மாதிரிச் சத்தம், நான் மழை எண்டு நினைச்சன், ஆகஸ்டில அங்க ஏது மழை. விடிஞ்சு பாத்தா தெருமுனையில டாங்கி, அதுக்கு மேல வெள்ளைப் பனியன் காயப்போட்டிருக்கு. பிறகு ஒரு பொடியன் ஆமி வந்து கேற்றைத் தட்டினான், நாங்க ரெண்டு பேரும் நடுங்கிப் போனம், அவன் கேட்டது குபூசும் (அரபு ரொட்டி) தண்ணியும். மீசை கூட ஒழுங்கா முளைக்கேல்ல. பேக்கரியில பாண் வாங்க மணித்தியாலக் கணக்கில லைன், நம்மட சிங்களப் பிள்ளைகள், தமிழ்ப் பிள்ளைகள், மலையாளி எல்லாம் ஒண்டா நிப்பம்.

காசுதான் பெரிய அடி. ஈராக் தீனாரும் குவைத் தீனாரும் ஒரே பெறுமதி எண்டு சட்டம் போட்டாங்க. குவைத் தீனார் எண்டா எவ்வளவு பெறுமதி, பாவாடை நாடாவுக்குள்ள தைச்சு வச்சிருந்ததெல்லாம் ஒரே நாளில கடதாசி. பிறகு பஸ்ஸில பக்தாத், அங்கால ஜோர்தான் எல்லை, மணலுக்க கூடாரம், பகலில சுடும் ராவில குளிரும். எங்கட இலங்கை ஆக்கள் ஒரு லட்சம் பேர் அளவில குவைத்தில இருந்தது எண்டு சொல்லுவாங்க. இந்தியாக்காரனுக்கு ஏர் இந்தியா ஜோர்தானிட அம்மான் நகருக்கு மாறி மாறி வந்து ஏத்திச்சு, நாங்க பாத்துக்கொண்டிருந்தம். வந்து சேந்தா இங்க இலங்கையில ஜூன் மாசமே சண்டை திரும்பத் துவங்கி, வீட்டில ஒருத்தரும் இல்ல, உம்மா அகதி முகாமில.

எனக்கு அந்தப் பொடியனில கோவம் இல்ல. அனுப்பினவனில இரிக்கு. நம்மட ஊரில சதாம் எண்டு பிள்ளைக்குப் பேர் வச்சாங்க, நான் ஒண்டும் சொல்லேல்ல, கலியாண வீட்டில போய்ச் சண்டை பிடிக்கவா.

கொட்டியாரம்
ராத்தா, நீங்க சொன்னதுக்கு மேல நான் வாதாட வரேல்ல. ஆனா பழைய லைப்ரரிக்கு ஒரு கேள்வி. படையெடுப்பு சதாம் தலையில எண்டா தண்டனை ஆருக்கு? 90 ஆகஸ்ட் 6ல ஐநா ஈராக்குக்குப் பொருளாதாரத் தடை போட்டது, அது 2003 வரைக்கும் கிடந்தது. மருந்து இல்ல, பள்ளிப் பிள்ளைக்குப் பென்சில் இல்ல, அவர் மாளிகையில நல்லாத்தான் இருந்தார்.

பழைய லைப்ரரி
அது உண்மை அண்ணே, அதில மறுபேச்சு இல்ல. சட்டப்படி பொறுப்பு ஆருக்கு எண்டு 91 ஏப்ரலிலயே ஐநா 687ம் தீர்மானத்தில எழுதியாச்சு, நட்டத்துக்கெல்லாம் ஈராக் பொறுப்பு எண்டு. ஈராக் ஆமி குவைத்தை விட்டுப் பின்வாங்கேக்குள்ள எழுநூறு எண்ணெய்க் கிணறு அளவில நெருப்பு வச்சிட்டுப் போனாங்க, கடைசிக் கிணறு அணைய நவம்பர் ஆச்சு, அதுக்கெல்லாம் ஆர் கட்டுறது? ஈராக் விக்கிற எண்ணெய்க் காசில நூற்றுக்கு 30 வீதம் வெட்டினாங்க, பிறகு 25, சதாம் போன பிறகு 5. மொத்தம் 5240 கோடி டொலர். சதாம் 2006லயே தூக்கில போயிட்டார், அதுக்குப் பிறகும் 2022 வரைக்கும் கட்டினது அவருக்கு வோட்டுப் போடச் சொல்லி மிரட்டப்பட்ட சனம், இல்லாட்டி அப்ப பிறக்காத சனம். நாடு செய்தது எண்டு எழுதினா பில் சனத்துக்குத்தான் வரும். அதாலதான் நான் "ஈராக்" எண்டு எழுதாம சதாம் எண்டே எழுதுறன்.

உவர்மலைப் பொடியன்
மிச்சம் நன்றி. 63 கையெழுத்து விசயம் மாமாவுக்குச் சொன்னன், "அது வேற அரசாங்கம்" எண்டுட்டார். அரசாங்கம் மாறினா கையெழுத்தும் மாறுமா எண்டு கேட்டன், பதில் இல்ல. பெரியம்மா கேக்கிறா, அந்த நட்டஈட்டில தனக்கு ஒண்டும் வரேல்லயாம், இப்ப எடுக்கலாமா?

கிண்ணியா ராத்தா
மகன், எனக்கு வந்தது, மிச்சம் பிந்தித்தான், ஆனா வந்தது. தனி ஆளா நாட்டை விட்டு வந்தவங்களுக்கு 2500 டொலர், வேற கேஸ் ஒண்டும் போட மாட்டம் எண்டு ஒத்துக்கொண்டா 4000 எண்டு வச்சிருந்தாங்க. அப்ப போம் நிரப்பிக் குடுத்தாவா எண்டு கேளுங்க.

பழைய லைப்ரரி
இப்ப ஏலாது தம்பி. புது விண்ணப்பம் எடுக்கிறதை எப்பவோ நிப்பாட்டிட்டாங்க, 2022 ஜனவரியில கடைசிக் காசையும் குடுத்து முடிச்சு, அந்த வருசமே ஐநா நட்டஈட்டு ஆணைக்குழுவையும் மூடியாச்சு. குவைத் நட்டஈடு எடுத்துத் தாறன், பாஸ்போர்ட் கொப்பியும் கொஞ்சக் காசும் தாங்க எண்டு ஆராவது வீட்டுப் பக்கம் வந்தா பெரியம்மாவை ஒண்டிலயும் கையெழுத்து வைக்க விடாதீங்க.