கருப்பட்டி ஓட்ஸ் பிஸ்கட் மறுநாளே நமத்துப் போகிறது

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு 28 லிட்டர் ஓடிஜியில் (மேசைமேல் வைக்கும் சிறிய மின்சார அவனில்) சுடும் ஓட்ஸ் பிஸ்கட், எடுத்து ஆறியதும் ஓரமெல்லாம் மொறுமொறுவென்று உடைகிறது. மறுநாள் காலையிலோ நடுப்பகுதி நமத்து, விரலால் அழுத்தினால் உடையாமல் வளைகிறது. ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து இது இன்னும் மோசமாகிவிட்டது.

ரோல்டு ஓட்ஸ் 150 கிராம், கோதுமை மாவு, வெண்ணெய், உடன்குடிக் கருப்பட்டி தலா 100 கிராம், சமையல் சோடா கால் தேக்கரண்டி. கருப்பட்டியைத் தட்டி, இரண்டு மேசைக்கரண்டி வெந்நீரில் கரைத்து, மண் போக வடிகட்டிய பிறகே சேர்க்கிறேன். 170 டிகிரியில் 15 நிமிடம் சுடுகிறேன்.

ஓட்ஸை முன்பே வறுத்தும், வட்டங்களை மெல்லியதாகத் தட்டியும் பார்த்துவிட்டேன். 150 டிகிரியில் 25 நிமிடம் வைத்தபோது அடிப்பக்கம் கருத்ததே தவிர நடுப்பகுதி காயவில்லை. கம்பித் தட்டில் நன்றாக ஆறவைத்துத்தான் எவர்சில்வர் டப்பாவில் இறுக்கி மூடுகிறேன். வெள்ளைச் சீனியில் செய்தால் மொறுமொறுப்பு நிற்கிறது என்பதால், கருப்பட்டி ஈரத்தை இழுப்பதே காரணம் என்று கருதுகிறேன். ஆயினும் அந்த மணத்துக்காகவே இதைச் செய்வதால் கருப்பட்டியைக் கைவிட மனமில்லை.

கருப்பட்டியின் அளவைக் குறைக்காமல், ஒரு வாரமாவது மொறுமொறுப்பு நிற்க, மாவின் பக்குவத்திலோ சுடும் முறையிலோ எதை மாற்ற வேண்டும்?