அணித்தலைவனிடம் விட்டுப் பாருங்கள்: ஒரு சாரண ஆசிரியரின் அனுபவம்

சாரணர் பொறுப்பைப் புதிதாக ஏற்றிருக்கும் ஆசிரியர் ஒருவர், "எதில் ஆரம்பிப்பது? கொடியா, முடிச்சா, உறுதிமொழியா?" என்று கேட்டிருந்தார். நான் அரசு உதவி பெறும் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகும் சனிக்கிழமை காலையில் மைதானத்துக்குப் போவதை விடவில்லை. அந்த உரிமையில் சொல்கிறேன். அந்த மூன்றும் தானாக வரும். முதலில் பிள்ளைகளை ஆறேழு பேராகப் பிரியுங்கள். எட்டைத் தாண்ட வேண்டாம். ஒவ்வொரு அணிக்கும் யார் தலைவன் என்று அவர்களோடு பேசி முடிவு செய்யுங்கள். பிறகு அந்தத் தலைவனுக்கு உண்மையான வேலை கொடுங்கள்.

உண்மையான வேலை என்றால் வருகைப் பதிவு எடுப்பதோ, பேசுகிறவன் பெயரைப் பலகையில் எழுதுவதோ இல்லை. அதை வகுப்பு லீடர் செய்வான். முகாமில் தன் அணிக்கு எவ்வளவு அரிசி வேண்டும், விறகுக்கு யார், தண்ணீருக்கு யார், ராத்திரி எவனுக்கு உடம்பு சுட்டது, எவன் வீட்டு நினைப்பில் சாப்பிடாமல் படுத்துவிட்டான் என்று பார்ப்பதுதான் அணித்தலைவன் வேலை. பதிமூன்று வயதுப் பையனால் இதெல்லாம் முடியுமா என்று கேட்பார்கள். முடியும். நாம் நடுவில் போகாமல் இருந்தால் முடியும்.

நடுவில் போகாமல் இருப்பதுதான் ஆசிரியருக்குக் கஷ்டம். அணிச் சமையலில் சோறு அடிபிடிக்கிற வாசனை வரும்போது கை துடிக்கும். ஓடிப்போய் அடுப்பைத் தணிக்கத் தோன்றும். தீ பரவாமல், கொதிநீர் யார் மேலும் கொட்டாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. அதில் சமரசமே கிடையாது. ஆனால் சோறு பிடித்தால் பிடிக்கட்டும். அடி கறுத்த பாத்திரத்தைச் சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்க்கிறபோது, அடுத்த வேளைக்கு எரிகிற கட்டையை எப்போது வெளியே இழுக்க வேண்டும் என்று அந்த அணியே பேசிக்கொள்ளும். அந்தப் பேச்சு நடக்க வேண்டும் என்பதற்காகத்தான் முகாமே போடுகிறோம்.

சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் சுமார் இருபது பையன்களை வைத்து நடத்திய முதல் முகாமும் இப்படித்தான் நடந்தது. ஓநாய், காளை, அண்டங்காக்கை, கர்லூ என்கிற நீண்ட மூக்குப் பறவை என்று நான்கு அணிகள். அந்த முகாமைப் பற்றிப் பேசுகிறவர்கள் குடு என்கிற ஆப்பிரிக்க மானின் கொம்பை ஊதியதைச் சொல்வார்கள், கூடாரத்தைச் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பணக்காரர் வீட்டுப் பிள்ளைகள் படிக்கிற பள்ளிகளிலிருந்து சிலர், பூல், போர்ன்மவுத் ஊர்களின் தொழிலாளர் வீட்டுப் பையன்கள் சிலர் என்று கலந்து அழைத்துவந்து, ஒவ்வொரு அணியிலும் இரு தரப்பும் இருக்கும்படி போட்டார். அந்தக் காலத்து இங்கிலாந்தில் அது சாதாரண விஷயம் இல்லை.

நம் ஊரில் இதற்கு என்ன பொருள் என்று நான் விளக்க வேண்டியதில்லை. கையில் கட்டியிருக்கிற கயிற்றின் நிறத்தை வைத்து எவன் எந்தச் சாதி என்று கண்டுபிடிக்கிற பள்ளிகள் இருக்கின்றன. நாங்குநேரியில் 2023இல் சாதியின் பேரால் மாணவர்களே சக மாணவனை வெட்டியதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, கயிறு கட்டக் கூடாது என்று 2024இல் பரிந்துரைத்தது. எங்கள் குழுவில் அந்த விதி அதற்கு முன்பே உண்டு. சீருடை போட்டால் மணிக்கட்டில் எதுவும் கூடாது. அணியைப் பிரிக்கும்போது ஒரே தெருப் பையன்கள் ஒரே அணியில் சேராமல் பார்த்துக்கொள்வேன்.

ஒரு முகாமில் முதல் நாள் மாலை ஒரு தகப்பனார் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். "சார், பையனை வேற அணியில மாத்தி விடுங்க. அந்த அணியில யாரு சமைக்கிறான்னு எங்க ஊர்ல கேப்பாங்க" என்றார். அணிக்குள் சமையல் முறை வைத்துத்தான் நடக்கும், உங்கள் பையனும் நாளைக்குச் சமைப்பான், அதை எல்லாரும் சாப்பிடுவார்கள், மாற்ற முடியாது என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. பையனின் பெட்டியை எடுத்துக்கொண்டு அவனைக் கூட்டிப்போய்விட்டார். பையன் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். பிறகு அவன் குழுவுக்கு வரவே இல்லை. அன்று இரவு அணித்தலைவர்கள் கூடும் கோர்ட் ஆஃப் ஹானரில் அந்த அணியின் தலைவன், "அவன் வேலையை யார் பார்க்கிறது சார்?" என்று மட்டும் கேட்டான். பிரித்துக்கொண்டார்கள். அந்தப் பையனை இழந்ததில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. ஆனால் அன்று அணியை மாற்றியிருந்தால், சாரணன் எல்லாருக்கும் நண்பன், ஒவ்வொரு சாரணனுக்கும் சகோதரன் என்ற விதியை மறுநாள் காலை அந்தப் பிள்ளைகள் முன்னால் நின்று நான் சொல்லியிருக்க முடியாது.

மரபுகளைப் பற்றியும் அந்தப் புது ஆசிரியர் கேட்டிருந்தார். கொடியிலிருந்து சொல்கிறேன்.

சாரணர் கொடியைச் சும்மா விரித்து ஏற்றுவதில்லை. நீளவாக்கில் மடித்து, கயிறு இருக்கிற பக்கம் நோக்கிச் சுருட்டி, அதன் மேல் கயிற்றைச் சுற்றி, கடைசியில் ஒரு மடிப்பை மட்டும் செருகி மேலே அனுப்புகிறோம். கீழே இருந்து ஒரு சுண்டு சுண்டினால் செருகல் விடுபட்டுக் கொடி விரிய வேண்டும். இறுகச் செருகினால் திறக்காது. தளர்ந்தால் பாதி வழியிலேயே அவிழும். எங்கள் பள்ளி விழா ஒன்றில், சிறப்பு விருந்தினர் எதிரில், எத்தனை தரம் இழுத்தும் கொடி திறக்கவில்லை. தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். நான் இடத்தை விட்டு நகரவில்லை. அன்றைய முறை அணியின் தலைவன் முன்னால் வந்தான். சல்யூட் வைத்தான், கொடியை இறக்கினான், செருகலைப் பிரித்து மறுபடி சுருட்டினான், ஏற்றினான், சுண்டினான். திறந்தது. கயிற்றைக் கம்பத்தில் க்ளோவ் ஹிட்ச் போட்டுக் கட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போனான். அவன் முகத்தில் பதற்றமே இல்லை. கொடி மரபு என்று நான் சொல்வது இதைத்தான். ஆசிரியர் கொடியைத் தானே மடித்து, பிள்ளைகளை வரிசையில் நிற்க மட்டும் வைத்தால் அது வெறும் சடங்கு.

இடது கை குலுக்கல் இன்னொன்று. ஆப்பிரிக்காவின் அசாந்தி வீரர்கள் கேடயம் பிடிக்கிற கையைக் கேடயத்தை விட்டுவிட்டு நீட்டுவார்கள், உன்னை நம்புகிறேன் என்பதற்கு அடையாளம் அது என்று ஒரு கதை வழிவழியாகச் சொல்லப்படுகிறது. நானும் சொல்கிறேன், பிள்ளைகள் கண் விரியக் கேட்கிறார்கள். ஆனால் பெற்றோர் நாளில் ஒரு பாட்டி, பேரன் இடது கையை நீட்டியதும், "பெரியவங்ககிட்ட இந்தக் கையையா நீட்டுவ?" என்று அதட்டினார். அதட்டியது நியாயம்தான். சாரணருக்குள் இடது கை, வீட்டுப் பெரியவர்களுக்கு இரு கை கூப்பி வணக்கம் என்று அன்றே கோர்ட் ஆஃப் ஹானரில் முடிவாயிற்று. முடிவு செய்தவர்கள் பிள்ளைகள்.

மரபை மாற்றலாமா என்று தயங்குகிறவர்களுக்குச் சென்னை வரலாறே பதில். ஆரம்பத்தில் இந்தியப் பிள்ளைகளைச் சாரணர் இயக்கத்தில் சேர்க்கவே இல்லை. 1916இல் அன்னி பெசன்ட் அம்மையார் தன் சகாவான அருண்டேலோடு சேர்ந்து சென்னையில் இந்தியப் பிள்ளைகளுக்கென்று தனிச் சங்கம் தொடங்கினார். அந்தப் பிள்ளைகள் தலைப்பாகை கட்டி இந்தியப் பாட்டுப் பாடினார்கள். வடக்கே மதன் மோகன் மாளவியாவும் அவரோடு குன்ஸ்ருவும் பாஜ்பாயும் சேவா சமிதி என்கிற தொண்டு அமைப்பின் சாரணர்களை வளர்த்தார்கள். எல்லாம் ஒன்றாகி 1950 நவம்பர் 7இல் பாரத சாரணர் இயக்கம் உருவானது. மறு ஆண்டு ஆகஸ்ட் 15இல் சாரணியரும் இணைந்தார்கள். நாம் சொல்கிற உறுதிமொழியில் கடவுள் என்பதற்குப் பதிலாகத் தர்மம் என்று சொல்ல இடம் இருப்பதைப் பல ஆசிரியர்களே பிள்ளைகளிடம் சொல்வதில்லை. பெரியார் வழிக் குடும்பத்துப் பையன் ஒருவன், "நம்பாததை என் மானத்தின் மேல எப்படி சார் சத்தியம் பண்றது?" என்று கேட்டான். அவனைப் போல உறுதிமொழியை மதித்தவன் குறைவு. தர்மம் என்று சொல்லித்தான் ஏற்றான்.

ஒழிய வேண்டிய பழக்கமும் இருக்கிறது. அமைச்சர் வருகிறார், அதிகாரி வருகிறார் என்று சாரணர்களை இரண்டு பக்கமும் வெயிலில் நிறுத்துவது. ஒரு விழாவில் வர வேண்டியவர் வெகுநேரம் வரவில்லை. பிள்ளைகள் தண்ணீர்கூட இல்லாமல் நின்றார்கள், ஒருத்தன் மயங்கி விழுந்தான். அணிவகுப்பைக் கலைத்து நிழலுக்கு அழைத்துப்போனேன். ஏற்பாடு செய்தவர்களுக்கு என் மேல் வருத்தம். கூட்டத்தில் வழிகாட்ட, முதலுதவிக்கு, வயதானவர்களைக் கைப்பிடித்து உட்கார வைக்க என்று கேளுங்கள், எங்கள் பிள்ளைகள் ஓடி வருவார்கள். அலங்காரத் தோரணமாக நிற்க வர மாட்டார்கள்.

கடைசியாக, சான்றிதழ். ராஜ்ய புரஸ்கார் என்கிற மாநில விருதுத் தேர்வுக்குப் போகிற பையன் ஒருவன் முத்து முத்தான கையெழுத்தில் குறிப்பேடு கொண்டுவந்தான். அக்கா எழுதிக்கொடுத்தது. கயிற்றைக் கொடுத்து போலைன் முடிச்சுப் போடச் சொன்னேன். தெரியவில்லை. அந்த ஆண்டு அவனை அனுப்பவில்லை. அவன் வீட்டிலும் பள்ளியிலும் எனக்கு நல்ல பெயர் இல்லை.

*

சாரணியர் ஆசிரியை ஒருவர் எழுதியது:

ஐயா சொன்னதெல்லாம் சரி. பெண் பிள்ளைகள் விஷயத்தில் ஒன்று சேர்க்கிறேன். எங்களுக்கு முதல் தடை அணியோ முடிச்சோ இல்லை, "ராத்திரி தங்கணுமா?" என்கிற கேள்விதான். நான் முகாமுக்கு முன்னால் அம்மாக்களை அழைத்து இடத்தைக் காட்டுகிறேன். கழிவறை எங்கே, குளிக்கிற இடத்தைச் சுற்றிக் கீற்றுத் தட்டி எவ்வளவு உயரம், நாப்கின் போடத் தனி மூடி போட்ட தொட்டி இருக்கிறதா, ராத்திரி காவலுக்கு எந்த ஆசிரியை என்று அவர்களே பார்க்கட்டும். ஒரு அம்மா நம்பாமல் முதல் ராத்திரி எங்களோடே தங்கினார். பொழுது விடிந்து பார்த்தால், மகளின் அணியில் மூங்கிலைக் கட்டித் தட்டு அடுக்குகிற தாங்கி செய்துகொண்டிருந்தார்கள், இவர் உட்கார்ந்து கயிறு பிடித்துக்கொண்டிருந்தார். "நல்லா இழுத்துக் கட்டுடி" என்று மகளுக்கு உத்தரவு வேறு.

1909இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த சாரணர் பேரணிக்கு யாரும் கூப்பிடாமலே பெண் பிள்ளைகள் தாங்களாகச் சீருடை போட்டு வந்து நின்றார்கள். அதற்கு அடுத்த ஆண்டுதான் பெண்களுக்கென்று இயக்கமே தொடங்கியது. ஒவ்வொரு புது அணிக்கும் இந்தக் கதையைத்தான் முதலில் சொல்கிறேன்.

*

ரயில்வேயில் பணிபுரியும் முன்னாள் சாரணர் ஒருவர் எழுதியது:

சார், நான் சாரணர் ஒதுக்கீட்டில் வேலைக்கு வந்தவன். குடியரசுத் தலைவர் விருது இல்லையென்றால் எனக்கு அந்த விண்ணப்பமே போட முடியாது. அப்பா மூட்டை தூக்குகிறவர். சான்றிதழைத் துரத்துவது தப்பு என்று சொல்லும்போது எங்களை மாதிரிப் பிள்ளைகளையும் கொஞ்சம் நினைக்க வேண்டும். மணப்பாறையில் 2025இல் நடந்த வைர விழாப் பெருந்திரளணி என்கிற தேசியச் சாரணர் முகாமுக்குத் தம்பியை அனுப்பினோம். வேறு மாநிலத்துப் பிள்ளையோடு ஸ்கார்ஃப் மாற்றிக்கொண்டு வந்ததை இன்னும் மடித்து வைத்திருக்கிறான். அது வேறு, விருது வேறு என்று தெரியும். ஆனால் எங்களுக்கு இரண்டும் வேண்டும்.

*

மூத்தவரின் பதில்:

தம்பி, உங்களுக்கு அந்த வேலை கிடைத்ததில் எனக்கு முழுச் சந்தோஷம். சான்றிதழ் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. அது வேலையாக மாறும் என்பதால்தான் பொய்யாகக் கொடுக்கக் கூடாது என்கிறேன். குறிப்பேட்டை அக்கா எழுதித் தந்து விருது வாங்குகிறவன், ஒழுங்காகக் கட்டுப்போடக் கற்றுக்கொண்ட மூட்டைத் தொழிலாளி மகனின் இடத்தைப் பிடிக்கிறான். பிரவேஷ் என்கிற முதல் நிலையிலிருந்து ஒவ்வொரு சோபானமாக, அதாவது படிப்படியாக, நாள் தவறாமல் வந்து ஏறுகிற ஏழைப் பிள்ளைக்குத் தேர்வு முகாம் பயணச் செலவை நானே எத்தனையோ பேரிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். அதற்குக் கூச்சப்பட்டதில்லை.

சாரணியர் ஆசிரியை சொன்ன ஏற்பாடு எல்லாப் பள்ளியிலும் வர வேண்டும். பெற்றோரை முன்கூட்டியே இடத்தைப் பார்க்க அழைப்பதை ஆண் பிள்ளைகள் முகாமுக்கும் இந்த ஆண்டு செய்யப்போகிறோம்.

புது ஆசிரியர் சீருடைச் செலவைப் பற்றித் தனியாகக் கேட்டார். சீருடை இல்லை என்று எந்தப் பிள்ளையையும் நிறுத்தாதீர்கள். பள்ளிச் சட்டையோடு வரட்டும். உறுதிமொழி ஏற்கிற அன்று ஸ்கார்ஃப் மட்டும் போடுங்கள், அது கட்டாயம். சாம்பல் நிறச் சட்டையை வளர்ந்து போகிற அண்ணன்மாரிடம் கேட்டு வாங்கி, துவைத்துப் பெட்டியில் வையுங்கள். வருகிற சனிக்கிழமை ஆளுக்கு இரண்டு முழம் கயிறு வெட்டிக் கொடுத்துவிட்டு, அணிக்குப் பெயர் வைக்கிற வேலையை அவர்களிடம் விடுங்கள். சண்டை போடுவார்கள். போடட்டும். நீங்கள் மரத்தடியில் இருங்கள். கூப்பிட்டால் போங்கள்.