சனியை அம்மா பார்த்த இரவு: நீங்கள் கண்ட கோள் எது?

மேல்மாடி, வெள்ளவத்தை

அம்மா செருப்பைக் கழட்டினதுதான் எனக்கு இண்டைக்கும் கண்ணுக்க நிக்குது.

2018 ஆவணி. அக்காவின்ர மகன் கனடாவிலயிருந்து லீவுக்கு வரேக்க ஒரு தொலைநோக்கி கொண்டுவந்தவன். எங்கட ஃபிளாட்டின்ர மொட்டைமாடி, தண்ணித் தாங்கிக்குப் பக்கத்தில, மழை விட்ட ஒரு இரவு. அம்மாவுக்கு அப்ப ஜென்மச் சனி. ஒரு சனிக்கிழமையும் தவறவிடாமல் கோயிலில எள்ளெண்ணெய் எரிக்கிறவ. பொடியன் ஃபோனில வான் வரைபடத்தைப் பாத்திட்டு, "சனி இப்ப தனுசு நட்சத்திரக் கூட்டத்துக்க நிக்குது அம்மம்மா" எண்டான். "அது எனக்குத் தெரியும்தானே ராசா" எண்டா அம்மா.

அவன் குழாயைத் திருப்பித் திருப்பிக் கடைசியில பிடிச்சிட்டான். அம்மாவைக் கூப்பிட்டம். அவ கிட்ட வந்து, செருப்பை ஓரமாக் கழட்டி வைச்சிட்டு, ஈரச் சீமெந்தில வெறுங்காலோட நிண்டு கண்ணை வைச்சா. கனநேரம் சத்தமில்லை. பிறகு மெல்லமாக் கேட்டா: "இவரோ? இவ்வளவு வடிவான ஆளோ?"

வளையம் அவ்வளவு தெளிவாத் தெரிஞ்ச வருசம் அது. நல்லாச் சரிஞ்சு, விரிஞ்சு நிண்டது.

அண்டைக்கு இரவு படுக்கேக்க, "பிள்ளை, அங்க குளிருமோ?" எண்டு கேட்டா. நான் நித்திரைத் தூக்கத்தில "தெரியாதம்மா, படுங்கோ" எண்டிட்டன். அம்மா 2021இல போயிட்டா. அந்தக் கேள்விதான் போகுதில்லை. உங்களுக்கும் இப்பிடி ஒரு கோள் இருந்தா எழுதுங்கோ.

பாரந்தூக்கி, கொட்டாஞ்சேனை

எனக்கு 2020 டிசம்பர் 21. கொரோனாவுக்காக எங்கள் பக்கம் பல தெருக்களை அடைத்து வைத்திருந்த காலம். கீழே பொலிஸ் தடை. வீட்டுக்குள் ஆறு பேர். அன்றைக்கு வியாழனும் சனியும் ஒட்டி நிற்கும் என்று எல்லோருக்கும் மெசேஜ் வந்திருந்தது, அதை விளக்கத் தேவையில்லை.

சூரியன் விழுந்து கொஞ்ச நேரம் முகில். ஆறே கால் போல துறைமுகத்துப் பாரந்தூக்கிகளுக்கு மேலே முகில் கிழிந்தது. ஒரு பெரிய புள்ளி, அதை ஒட்டி ஒரு சின்னப் புள்ளி. நிலவின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் இடைவெளி. 1623க்குப் பிறகு இவ்வளவு நெருக்கம் வந்ததே இல்லை.

நான் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அப்போதுதான் கவனித்தேன், எங்கள் ஒழுங்கையில் எல்லா மாடியிலும் ஆட்கள். ஒரு மாதமாக ஜன்னல் திரைக்குப் பின்னால் இருந்த முகங்கள். எதிர்வீட்டு அன்ரியின் கணவர் அதற்கு இரண்டு கிழமை முன்னர்தான் கொவிட்டில் இறந்திருந்தார். ஒருவரும் போய் அன்ரியிடம் துக்கம் கேட்க முடியவில்லை. அவர் மாடியில் தனியாக நின்று அந்த இரண்டு புள்ளியையும் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு கையைத் தூக்கினார். நானும் தூக்கினேன். அவ்வளவுதான், பிறகு முகில் மூடிவிட்டது.

ஒட்டி நிற்பது போலத் தெரிந்த அந்த இரண்டுக்கும் நடுவில் உண்மையில் 70 கோடி கிலோமீட்டருக்கு மேல் தூரம் என்று பிறகு வாசித்தேன். எனக்கும் அவருக்கும் நடுவில் இருந்தது பதினைந்து அடி ஒழுங்கை.

நேர்கோடு, நுகேகொட

மேல்மாடி அக்கா, கோபிக்க வேண்டாம். கோள்களைப் பற்றிப் பேசும் இடத்தில் ஜென்மச் சனியும் எள்ளெண்ணெயும் எதற்கு? வாயுவும் பனியும் சேர்ந்த ஒரு கோளத்தைப் பார்த்துப் பயப்படப் பழக்கியது யார்? நான் முதன்முதலில் சனியைக் கண்டது பாடசாலைச் சுற்றுலாவில், கொழும்புக் கோள்மண்டலத்தில். அந்தத் தாமரைப் பூக் கட்டடத்துக்குள் விளக்கு அணைந்து, தலைக்கு மேல் நட்சத்திரம் ஏறிய கணத்திலேயே எனக்கு அந்தப் பயம் போய்விட்டது. எட்டாம் வகுப்பு. பிள்ளைகளுக்கு அதைக் காட்டுங்கள், பரிகாரத்தை அல்ல.

சஹர் நேரம், தெமட்டகொட

2022 ஏப்ரல், நோன்பு தொடங்கின புதுசு. காஸ் இல்லாத காலம், உங்களுக்குத் தெரியும். வாப்பாவுக்குக் கால் ஏலாது, அதனால சஹர் சாப்பாடு முடிஞ்ச கையோட நான்தான் சிலிண்டரோட லைன்ல போய் நிண்டேன். சிலிண்டரையெல்லாம் கயிறு போட்டுக் கட்டியிருந்தாங்க. கரண்ட் மிச்சம் பிடிக்கத் தெருவிளக்கையும் அணைச்சு வெச்சிருந்தாங்க. கொழும்புல அப்படி ஒரு இருட்டை நான் பிறந்ததுக்குக் கண்டதில்ல.

கிழக்கால பாத்தா ஒரு வெளிச்சம், கண்ணைக் குத்துற மாதிரி. அதுக்கு மேல கொஞ்சம் தள்ளி ரெண்டு சின்ன வெளிச்சம் ஒண்டோட ஒண்டு முட்டுற மாதிரி. ஒண்டு சிவப்பு. பின்னால நிண்ட பொடியன் ட்ரோன் எண்டான். முன்னால ஒரு சிங்கள மாமா, எழுபது வயசிருக்கும், சிலிண்டர் மேல உக்காந்திருந்தார். "பஹன் தருவ" எண்டு சொல்லி எழும்பி நிண்டார். அவங்க விடிவெள்ளிக்குச் சொல்ற பேர். சின்ன வயசுல வயலுக்குப் போறப்போ பாத்தது, கொழும்புக்கு வந்து நாப்பது வருசமா காணவே இல்ல எண்டார். லைன் நகர்ந்தது, அவர் நகரல்ல. பின்னுக்கு நிண்டவங்களும் ஏசல்ல. அவர் சிலிண்டரை நான் காலால தள்ளிக் கொண்டுபோனேன்.

மேல இருந்த ரெண்டும் செவ்வாயும் சனியும் எண்டு பிறகு தெரிஞ்சுகொண்டேன். காஸ் அண்டைக்கும் கிடைக்கல்ல. வெள்ளி சூரியனுக்குப் பக்கத்துல இருக்குறதால அடுப்பு மாதிரி கொதிக்குமாம். இங்க அடுப்பே எரியாம நிண்ட நாங்க அதைப் பாத்துக்கொண்டு நிண்டோம்.

பழைய கரும்பலகை, பம்பலப்பிட்டி

சஹர் நேரம் தம்பி எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். ஆனால் கடைசியில் ஒரு பிழை இருக்கிறது, முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவன் என்பதால் அதை விட்டுவிட மனம் வரவில்லை.

என் கதை சின்னது. 2012 ஜூன் 6 காலை, வெள்ளி சூரியனைக் கடந்தது. வெல்டிங் வேலைக்காரர் ஒருவரிடம் 14ஆம் இலக்கக் கண்ணாடி இரவல் வாங்கிக்கொண்டு பாடசாலை மைதானத்தில் பிள்ளைகளை வரிசையாக விட்டேன். முகில் விலகியது நாலைந்து நிமிடம். சூரியத் தட்டில் ஒரு கரும்புள்ளி, உளுந்து அளவு. வரிசையின் கடைசியில் நின்ற ஒரு பிள்ளை கண்ணாடியைக் கையில் வாங்கியபோது முகில் மூடிவிட்டது. பத்து இருபதுக்கெல்லாம் கடப்பு முடிந்தது. அடுத்தது 2117 டிசம்பரில். அந்தப் பிள்ளையின் முகம் இன்னும் எனக்குள் இருக்கிறது. நான் வரிசையைச் சின்னவர்களிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும்.

இனி விசயத்துக்கு வருவோம். வெள்ளி சூடாக இருப்பது சூரியனுக்குப் பக்கத்தில் இருப்பதால் மட்டும் என்றால், அதைவிடப் பக்கத்தில் இருக்கும் புதன்தான் முதலாவதாக வரவேண்டும். புதனில் பகலில் 430 பாகை செல்சியஸ் வரை ஏறும், இரவில் பூச்சியத்துக்குக் கீழே 180 வரை இறங்கும். போர்த்திக்கொள்ள அதற்கு வளிமண்டலம் இல்லை. வெள்ளியில் இரவும் பகலும் ஏறத்தாழ ஒரே 460 பாகை. ஈயம் உருகும் சூடு. இத்தனைக்கும் விழுகிற வெயிலில் முக்கால் பங்கை அதன் கந்தக அமில முகில்கள் திருப்பி அனுப்பிவிடுகின்றன. பூமி உறிஞ்சுவதை விடக் குறைந்த வெயிலைத்தான் வெள்ளி உறிஞ்சுகிறது! சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைப்பது அதன் காற்று. 96 வீதம் காபனீரொட்சைட்டு, அதுவும் நம் காற்றைப் போல 90 மடங்குக்கு மேல் அழுத்தம், கடலில் 900 மீற்றர் ஆழத்தில் இருப்பது போல. 1982இல் சோவியத் இறக்கிய வெனேரா 13 விண்கலம் அங்கே 127 நிமிடம் தாக்குப்பிடித்தது. அதையே பெரிய வெற்றி என்றார்கள்.

செவ்வாயிலும் காற்றில் 95 வீதம் அதே வாயுதான், ஆனால் அழுத்தம் நம்முடையதில் நூறில் ஒரு பங்கு கூட இல்லை. ஆகவே அது உறைந்து கிடக்கிறது. எந்த வாயு என்பது மட்டுமல்ல, எவ்வளவு என்பதும்தான் ஒரு கோளின் காலநிலையைத் தீர்மானிக்கிறது. இதை நான் ஒவ்வொரு வகுப்பிலும் சொன்னேன், இங்கேயும் சொல்லிவிட்டேன்.

நேர்கோடு தம்பிக்கும் ஒன்று. சனி சூரியனைச் சுற்றிவர 29½ வருடம் எடுக்கிறது. பன்னிரண்டு ராசியால் பிரித்துப் பாரும், ராசிக்கு இரண்டரை வருடம். மூன்று ராசிக்கு ஏழரை. ஏழரைச் சனி என்ற கணக்கு, தொலைநோக்கி இல்லாத காலத்தில் தலைமுறை தலைமுறையாக வானத்தைப் பார்த்துக் குறித்து வைத்தவர்களிடமிருந்து வந்தது. பலனை நீர் ஏற்க வேண்டாம், நானும் ஏற்பதில்லை. அந்தப் பார்வையை மதியும்.

காலிமுகத்திடல் காற்று

நான் பார்த்தது வியாழனும் அதன் நாலு நிலவும், சாதாரண 10×50 பைனாகுலரால், காலிமுகத்திடல் கம்பியில் முழங்கையை ஊன்றிக்கொண்டு. 1610இல் கலிலியோ கண்ட அதே நாலு. மூன்று ஒரு பக்கம், ஒன்று மறுபக்கம். அடுத்த நாள் போனால் இரண்டு இரண்டாக மாறியிருந்தது. மாறியதைக் கண்டபோதுதான் கை நடுங்கியது. இசுவடை விற்கிற அண்ணனுக்கும் காட்டினேன்.

இந்தத் திரியைப் பார்த்துவிட்டுத் தொலைநோக்கி வாங்க ஓடுபவர்களுக்கு: பெட்டியில் "525 மடங்கு" என்று அச்சடித்திருந்தால் அங்கேயே வைத்துவிடுங்கள். முக்கியம் வில்லையின் அகலம். 70 மில்லிமீற்றர் வில்லையும் 50 மடங்கு பெருப்பமும் இருந்தாலே சனியின் வளையம் தெரியும். அதைவிட முக்கியம் தாங்கும் கால், அது ஆடினால் எல்லாம் வீண். கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் பார்த்து முடித்ததும் வில்லையை மூடி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத பெட்டியில் வையுங்கள். உப்புக் காற்றில் என் முதல் வில்லை ஒரே வருடத்தில் பூஞ்சை பிடித்தது. கொழும்பில் வானம் திறப்பது ஜனவரி முதல் மார்ச் வரை, தென்மேற்குப் பருவம் தொடங்கினால் பொறுமை வேண்டும். வீட்டுக்குள்ளிருந்து எடுத்தவுடன் பார்க்காதீர்கள், குழாய் வெளிச் சூட்டுக்குப் பழக அரை மணி நேரம் கொடுங்கள். சனியின் வளையம் 2025 மார்ச்சில் விளிம்பு மட்டும் நம் பக்கம் திரும்பித் தாள் போல மெலிந்து தெரிந்தது, இனி வருடா வருடம் விரியும். ஆகவே முதல் தரம் மெல்லிய கோடாகத் தெரிந்தால் கருவியைக் குறை சொல்லாதீர்கள். வாங்க வசதியில்லையா, கட்டுபெத்தையில் ஆர்தர் சி. கிளார்க் நிறுவனத்தில் 45 சென்ரிமீற்றர் தொலைநோக்கி இருக்கிறது, பொதுமக்களுக்கான இரவு வைக்கும்போது போங்கள்.

போடிங் ஜன்னல், மருதானை

நேர்கோடு அண்ணா, நீங்க சொல்றது சரிதாங்க. ஆனா அந்தப் பயத்தை விட்டுட்டு வர்றது எல்லாருக்கும் ஒரு நாள்ல நடக்கிறதில்ல.

எனக்குச் செவ்வாய் தோஷம்னு சொல்லி ரெண்டு சம்பந்தம் கலைஞ்சது. ரெண்டாவது கலைஞ்சதா ஹட்டன்லருந்து அம்மா போன் பண்ணி அழுதது 2018 ஜூலை 27 ராத்திரி. தூக்கம் வரல. ஒரு மணிக்கு மேல போடிங் அக்காங்க கிரகணம்னு மாடிக்குப் போனாங்க, நானும் போனேன். உச்சிக்குக் கொஞ்சம் தெற்கே நிலா செங்கல் நிறத்துல. அதுக்குக் கிட்டயே இன்னொரு செம்மஞ்சள் வெளிச்சம், துடிக்காம, அசையாம. "அதுதான் செவ்வாய்"னு ஒரு அக்கா சொன்னாங்க.

என் வாழ்க்கையக் கெடுத்ததுன்னு எல்லாரும் சொன்னதை அன்னைக்குத்தான் மொத மொத பார்த்தேன். கோவம் வரும்னு நெனச்சேன், வரல. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கிட்டு நின்னேன். நிலா வெளுக்கத் தொடங்கினதும் மத்தவங்க கீழ போய்ட்டாங்க.

அப்புறம் தேடிப் படிச்சேன். அந்த வாரம் செவ்வாய் 5 கோடியே 76 லட்சம் கிலோமீட்டர் வரைக்கும் கிட்ட வந்திருக்கு. அதே நேரத்துல அங்க கோள் முழுக்கப் புழுதிப் புயல். 14 வருஷமா அங்க ஓடிக்கிட்டிருந்த நாசாவோட ஆப்பர்ச்சூனிட்டி வண்டிக்கு வெயில் கிடைக்காம, ஜூன் 10க்கு அப்புறம் ஒரு சத்தமும் வரல. நான் மாடியில நின்னு பார்த்த அந்த வெளிச்சத்துக்குள்ள அப்படி ஒரு இருட்டு இருந்திருக்கு. அதுக்கு என் ஜாதகத்தை எங்க பார்க்க நேரம்? அம்மாவுக்குப் போன் பண்ணி இதைத்தான் சொன்னேன். அம்மா ஒன்னும் பேசல, ஆனா அதுக்கப்புறம் ஜாதகத்தை யார்கிட்டயும் கொண்டு போகல.

மேல்மாடி, வெள்ளவத்தை

எல்லாத்தையும் வாசிச்சன். நேர்கோடு தம்பி, எனக்குக் கோபமில்லை. அம்மா அண்டைக்குப் பயந்து செருப்பைக் கழட்டேல்ல, அது மட்டும் எனக்கு வடிவாத் தெரியும். பயந்த ஆள் "வடிவு" எண்டு சொல்லாது. அடுத்த சனிக்கிழமையும் எள்ளெண்ணெய் எரிக்கப் போனவதான். வரேக்க என்னட்டச் சொன்னா, "இப்ப முகம் தெரியும், கும்பிட லேசா இருக்கு" எண்டு.

பழைய கரும்பலகை ஐயா, நீங்கள் வெள்ளியின்ர சூட்டை எழுதினதைப் பாத்து நானும் சனியைத் தேடிப் பாத்தன். அண்டைக்கு நாங்கள் கண்ட வெளிச்சம் அங்கயிருந்து வெளிக்கிட்டு ஒண்டேகால் மணித்தியாலம் ஆகியிருக்கு. அம்மா மேல வர முதல், கீழ சோறு போட்டுக்கொண்டு நிக்கேக்கயே அது புறப்பட்டு வந்துகொண்டிருந்திருக்கு.

குளிரும் அம்மா. பூச்சியத்துக்குக் கீழ 140 பாகை அளவில குளிரும்.