பைபாட் (துப்பாக்கியின் முன்பக்கத்தைத் தாங்கும் இரட்டைக் கால்) வாங்க உதவி வேண்டும்

மன்னார்குடி பக்கம் எங்கள் களத்தில், பின்னால் மண்மேடு வைத்து 25 மீட்டரில் காகித டார்கெட் சுடுகிறேன். .177 அங்குல பிசிபி (முன்கூட்டியே அழுத்தக் காற்று நிரப்பிச் சுடும்) ஏர் ரைபிள். படுத்துச் சுடும்போது குறி ஆடுகிறது. (ஒலிம்பிக் ரைபிள் போட்டிகளில் பைபாட் கூடாது, தெரியும். இது சொந்தப் பயிற்சிக்கு.)

முன்பு ஸ்பிரிங் ரைபிளில் பைபாட் மாட்டினேன், பெல்லட் (ஈயக் குண்டு) ஒரே இடத்தில் விழாமல் சிதறியது. ஸ்பிரிங் ரைபிள் சுடும்போது துள்ளும், தளர்வாகப் பிடித்தால்தான் ஒரே இடத்தில் விழும் என்று அப்புறம்தான் புரிந்தது. பிசிபியில் அந்தத் துள்ளல் இல்லை.

6–9 அங்குலக் கால் போதுமா? தரை சாய்வு, அதனால் இருபக்கமும் சாயும் தலை அவசியம் என்று நினைக்கிறேன். பின்கட்டைக்கு (தோளில் பதியும் பகுதி) அடியில் உமிப் பை வைத்தேன், அமுங்கிவிடுகிறது. ஆற்று மணலா, அரிசியா, எது நிற்கும்? தோளால் பைபாடை லேசாக முன்னே தள்ளிப் பிடிக்க வேண்டுமா? பழகிய அண்ணன்மார் சொல்லுங்கள்.