பிராக்டிஸ் முடிந்த பிறகு போன அம்பு: உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

மஞ்சள்_வட்டம்:
எட்டு வருடம் ஆகிறது, இன்னும் உறுத்துகிறது. மாவட்ட வில்வித்தைப் போட்டி, ரிகர்வ் (நுனி முன்னால் வளைந்த வில்), 70 மீட்டர். மூன்று பிராக்டிஸ் எண்ட், அதாவது மார்க் இல்லாத மூன்று சுற்று, கொடுத்தார்கள். இடப்பக்கக் காற்றில் முதல் இரண்டு எண்டும் வலது பக்க நீல வளையத்தில் போய் ஒதுங்கின. வில்லில் குறி பார்க்கும் சைட்டை நகர்த்தினேன். சரியாகிவிட்டதா என்று பார்க்க ஒரே ஒரு அம்பு போதும். நேரம் முடியப்போகிறது என்று காட்டும் மஞ்சள் விளக்கு எரிந்ததும் தெரியும், இருந்தாலும் இழுத்துவிட்டேன். முழுதாக இழுத்ததும் டிக்கென்று விழும் கிளிக்கர் விழமாட்டேன் என்கிறது. அது விழவும், நேரம் முடிந்தது என்ற மூன்று விசில் கேட்கவும் சரியாக இருந்தது. விரல் நிற்கவில்லை.

ஜட்ஜ் வந்து டார்கெட் நம்பரைக் குறித்துக்கொண்டு போனார், ஒரு வார்த்தை பேசவில்லை. முதல் ஸ்கோரிங் எண்டில் 10, 9, 9, 8, 8, 7. அதுவரை 70 மீட்டரில் நான் ஐம்பதைத் தொட்டதே கிடையாது. அவர் சிவப்புப் பேனா மூடியைப் பல்லால் கழற்றி, அந்தப் பத்தின் மேல் ஒரு கோடு போட்டு, கீழே இனிஷியல் வைத்தார். 51 போய் 41. மாநிலப் போட்டிக்கான பட்டியலில் நாலு பாயிண்டில் விட்டேன்.

பக்கத்து டார்கெட்காரர் ஒரே பிராக்டிஸ் எண்டில் ஒன்பது அம்பு விட்டார். நானே எண்ணினேன். அவரை யாரும் ஏனென்று கேட்கவில்லை.

பழைய_ஜட்ஜ்:
தம்பி, கோபப்படாமல் கேளுங்கள். பிராக்டிஸில் பெரும்பாலும் அம்புக் கணக்கு பார்க்க மாட்டோம், நேரக் கணக்குதான். கொடுத்த நேரத்துக்குள் அவர் ஒன்பது விட்டாலும் சரி, பன்னிரண்டு விட்டாலும் சரி. ஸ்கோரிங்கில் ஆறுக்கு ஏழு விட்டால்தான் தப்பு. ஆனால் பிராக்டிஸ் முடிந்தது என்று லைனை நடத்தும் டைரக்டர் அறிவித்த பிறகு போகும் அம்புக்கு அடுத்த ஸ்கோரிங் எண்டில் அதிக மார்க் வாங்கிய அம்பு போகும். இடைவேளையில் மைதானத்தில் விட்டாலும் அதே கதை. மூன்று விசிலுக்கு ஆட்கள் டார்கெட்டை நோக்கி நடக்க ஆரம்பித்துவிடுவார்கள். அதை நினைத்துப் பாருங்கள்.

நானும் ஒரு முறை சப் ஜூனியர் பெண் குழந்தை ஒருத்தியின் ஒன்பதைக் கோடு போட்டு அடித்திருக்கிறேன். அழுவாள் என்று நினைத்தேன். விரலுக்குப் போடும் ஃபிங்கர் டேபைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்: "சார், பிராக்டிஸ் அம்புக்கு மார்க் கிடையாதுன்னு சொன்னீங்க. அப்போ இது மட்டும் எப்படி மார்க்குல சேரும்?" விதியைச் சொன்னேன். அவள் கேட்டதற்கு அது பதிலில்லை என்று எனக்கே தெரிந்தது.

மூங்கில்_வில்:
நேரம், நேரம் என்கிறீர்களே, அந்த நேரத்தைச் சமமாகவா கொடுக்கிறீர்கள்? நான் இந்தியன் ரவுண்ட், மூங்கில் வில் பிரிவு. காலையில் 50 மீட்டர், அப்புறம் 30. முதல் பேட்சுக்கு 30 மீட்டரில் இரண்டு பிராக்டிஸ் எண்ட். எங்கள் பேட்ச் வருவதற்குள் மழை தூறி, சிறப்பு விருந்தினரும் வந்து சேர்ந்ததால், "ஒரு எண்ட் போதும், சீக்கிரம்" என்றார்கள்.

ரிகர்வ்காரர்களுக்கு இது புரியாது. எங்களுக்கு சைட் கிடையாது. அம்பு முனையை எங்கே வைத்துப் பார்ப்பது என்பதைத் தூரம் மாறும்போதெல்லாம் கண் புதிதாகப் பிடிக்க வேண்டும். முதல் மூன்று அம்பும் டார்கெட்டின் தலைக்கு மேலே போயின. மூன்றாவது பின்னால் கட்டியிருந்த வலையிலும் நிற்காமல் வேலியோர முட்செடியில் போய்ச் செருகிக்கொண்டது. அதை எடுக்கப் போனபோதுதான் இரண்டு விசில் ஊதினார்கள், லைனுக்கு வா என்று. முழங்கையில் முள் கீறிய ரத்தத்தோடு ஸ்கோரிங் ஆரம்பித்தேன். முதல் பேட்சில் இருந்தவனுக்குத்தான் வெண்கலம்.

மஞ்சள்_வட்டம்:
@பழைய_ஜட்ஜ் ஐயா, பாதுகாப்புக்குத்தான் விதி என்றால் ஒத்துக்கொள்கிறேன். அதற்கு மைதானத்தை விட்டு வெளியே அனுப்புங்கள், திட்டுங்கள். பத்து அடித்தவனுக்குப் பத்து நஷ்டம், ஏழு அடித்தவனுக்கு ஏழுதான் நஷ்டம். தப்பு ஒன்றுதானே?

பழைய_ஜட்ஜ்:
நன்றாக அடித்தவனிடம் இழக்கவும் அதிகம் இருக்கும். வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.

ஜூனியர்_அம்மா:
என் மகனுக்கும் நடந்தது, ஒரு எட்டு போனது. அதை விடுங்கள். அதற்குப் பிறகு நாங்கள் செய்கிற ஏற்பாட்டைச் சொல்கிறேன், எல்லோருக்கும் உதவும். முதல் விஷயம், பிராக்டிஸ் எண்டை வார்ம் அப்புக்குச் செலவழிக்காதீர்கள். பாதிப் பிள்ளைகள் முதல் எண்டில் தோளைத்தான் சூடாக்குகிறார்கள். ஷூட்டிங் லைனில் நிற்காதபோது வில்லை இழுக்கவே கூடாது, அம்பு இல்லாமல் இழுத்தாலும் தப்பு. அதனால் ரப்பர் பேண்ட் வைத்துக்கொள்ளுங்கள். டைலர் கடை எலாஸ்டிக் வேண்டாம், இரண்டே வாரத்தில் தொய்ந்துவிடும். உடற்பயிற்சிக்கு விற்கிற பட்டைதான் சரி. இருபது இழுப்பு, ஐந்து நிமிட ஓய்வு, மறுபடி பத்து. காலைச் சாப்பாடு இரண்டு இட்லிக்கு மேல் வேண்டாம், சாம்பார் குறைவாக. போன தடவை பொங்கல் கொடுத்தேன், லைனில் நின்று கொட்டாவி விட்டான். சைட் ஸ்கேலில் ஒவ்வொரு தூரத்துக்குமான எண்ணை வீட்டிலேயே எழுதி வையுங்கள், வெயிலில் எழுதினால் வியர்வையில் அழிகிறது. விளக்கு மஞ்சளுக்கு மாறினால் முப்பது விநாடிதான் பாக்கி, புது அம்பைத் தொடாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன். நேரமாகிவிட்டால் இழுத்த வில்லை மெதுவாக இறக்கி வைக்கவும் பழக்க வேண்டும். இதை எந்தக் கோச்சும் சொல்லித்தருவதில்லை. அப்புறம் தொப்பி.

மூங்கில்_வில்:
அக்கா, இட்லி சாப்பிட்டால் இரண்டாவது பிராக்டிஸ் எண்ட் கிடைக்குமா?

சிங்கை_18மீ:
எனக்கு நடந்தது தலைகீழ். இங்கே ஒரு இன்டோர் போட்டி, 18 மீட்டர் நாக் அவுட். எதிராளி வரவில்லை, எனக்கு பை, ஆடாமலே அடுத்த சுற்று. அந்த நேரம் முழுக்க என் டார்கெட்டில் நான் பிராக்டிஸ் செய்யலாம் என்று ஜட்ஜ் சொல்லிவிட்டார். சுற்றிலும் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு செட் பாயிண்டுக்குப் போராட, நான் ஹாயாக எண்டுக்கு மூன்று வீதம் பதினைந்து அம்பு விட்டேன். பக்கத்து டார்கெட்டில் ஒரு பெண் மூன்று மூன்று அம்பாக ஐந்து செட் போய், 5-5 ஆகி, ஒற்றை அம்பு ஷூட் ஆஃபில் ஜெயித்தாள். அடுத்த சுற்றில் எனக்கு அவள்தான். 6-0.

கை குலுக்கும்போது அவள் உள்ளங்கை சில்லென்று ஈரமாக இருந்தது. "உனக்குப் பதினைந்து, எனக்குப் பதினாறு" என்று சிரித்துவிட்டுப் போனாள். சண்டை போட்டிருந்தால்கூட மறந்திருப்பேன். விதிப்படி எல்லாம் சரி. அந்தப் பதக்கத்தை மட்டும் சுவரில் மாட்டவில்லை.

ஏகலைவன்82:
பல நாளாகப் படிக்க மட்டும்தான் வருவேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

காம்பவுண்ட் (கப்பி வைத்த வில்), 50 மீட்டர். ஒரே டார்கெட், நான் ஏ, அவன் பி. கடைசி பிராக்டிஸ் எண்டில் விசிலுக்குப் பிறகு போனது இரண்டு அம்பு. அவனுடையது ஒன்று, என்னுடையது ஒன்று. ஜட்ஜ் திரும்பியபோது அவன் வில் இன்னும் உயரத்தில் இருந்தது. என்னுடையது கீழே வந்துவிட்டது.

அம்பு பிடுங்கும்போது அவன் என்னைப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. என் அம்பையும் சேர்த்துப் பிடுங்கி, துணியால் முனையைத் துடைத்து, வழக்கம்போல என் கையில் கொடுத்தான்.

முதல் எண்டில் அவனுக்கு 58, பத்து கழிந்து 48. எனக்கு 57. அன்றைக்கு ஒருவர் மார்க்கை இன்னொருவர் எழுத வேண்டும். அவன் ஷீட்டில் ஸ்கோரர் கையெழுத்து என்னுடையது.