மறு: உடன்வரு ஆட்டமா, கொசுறாட்டமா?

அனைவருக்கும் வணக்கம்.

ஒரு வாரமாக இந்த இழையைப் படித்துக்கொண்டுதான் இருந்தேன், எழுத இன்றுதான் நேரம் வாய்த்தது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சிக்கலை மறுபடி சொல்லிவிடுகிறேன். நின்டெண்டோ நிறுவனம் 2006இல் வெளியிட்ட வீ (Wii) கன்சோலில், அதாவது தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் வீடியோ கேம் கருவியில், அதிகம் விற்ற ஆட்டங்களின் பட்டியலைத் தமிழில் எழுதுகிறோம். முதலிடம் வீ ஸ்போர்ட்ஸ், 8.29 கோடி. கன்சோல் மொத்தம் விற்றதே 10.16 கோடிதான். இரண்டாமிடத்தில் மாரியோ கார்ட் வீ, 3.7 கோடி. நடுவில் ஏன் இத்தனை பெரிய பள்ளம்? பெரும்பாலான நாடுகளில் கன்சோல் பெட்டிக்குள்ளேயே வீ ஸ்போர்ட்ஸ் இருந்தது. அப்படி வரும் ஆட்டத்துக்கு ஒரு சொல் வேண்டும், அவ்வளவுதான்.

> 'இலவச ஆட்டம்' என்றே போட்டுவிடலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். காசில்லாமல் இணையத்தில் இறக்கி ஆடுவதை இலவச ஆட்டம் என்று ஏற்கெனவே சொல்கிறோம். மேலும் இது இலவசமும் அல்ல. ஜப்பானில் இதே ஆட்டத்தைத் தனி விலைக்குத்தான் விற்றார்கள். அங்கேயும் 35 லட்சத்துக்கு மேல் போனது. அமெரிக்காவில் பெட்டியோடு கொடுப்போம் என்று நின்டெண்டோவின் அங்கத்திய தலைவர் ரெஜி ஃபிசமே கேட்டபோது, ஜப்பானில் ஆட்டங்களை உருவாக்கும் மியமோட்டோ லேசில் இறங்கி வரவில்லை என்று ரெஜியே பின்னாளில் எழுதியிருக்கிறார். ஆட்டம் செய்தவரையே உறுத்திய சொல் நமக்கு எதற்கு?

> அப்படியானால் கொசுறு! கொசுறாட்டம்!

முதலில் இதற்குத்தான் கை தூக்கினேன். காய்க்காரம்மா எடை போட்டு முடித்து, நம்மை ஒரு முறை முறைத்துவிட்டுப் பைக்குள் திணிக்கும் கறிவேப்பிலை கண்முன் வந்துவிடுகிறது. ஆனால் கறிவேப்பிலைக்காக யாரும் கத்தரிக்காய் வாங்குவதில்லை. வீயில் நடந்ததோ நேர்மாறு. ரிமோட்டைக் கையில் பிடித்து வீசினால் திரையில் மட்டை வீசுகிறது. தெரிந்தவர் வீட்டில் அதைப் பார்த்துவிட்டுக் கன்சோல் வாங்கியவர்கள் ஏராளம். வீ பிளே என்ற இன்னோர் ஆட்டத்தின் கதை இன்னும் வேடிக்கை. அமெரிக்காவில் தனி ரிமோட் 40 டாலர், ரிமோட்டோடு வந்த வீ பிளே 50 டாலர். எப்படியும் இரண்டாவது ரிமோட் வேண்டும், பத்து டாலர்தானே என்று எடுத்தவர்களால் அது 2.8 கோடியைத் தொட்டது. இதில் கத்தரிக்காய் எது, கறிவேப்பிலை எது? கொசுறு என்றதுமே எது சிறிது என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். கலைச்சொல்லுக்கு அந்த வேலை வேண்டாம்.

> 'பெட்டியாட்டம்' சுருக்கமாக இருக்கிறது.

சுருக்கம்தான். 'அவன் பெட்டியாட்டம் உட்கார்ந்திருக்கிறான்' என்று எங்கள் வீட்டில் சிரித்தார்கள். விட்டுவிடுவோம்.

இழையில் ஐயா ஒருவர் முன்மொழிந்த 'உள்பொதி ஆட்டம்' நன்றாகவே இருக்கிறது. ஒரே ஒரு தயக்கம். நின்டெண்டோவின் பிந்தைய கன்சோலான சுவிட்சோடு மாரியோ கார்ட் 8 டீலக்ஸைச் சேர்த்து விற்றபோது பெட்டிக்குள் ஆட்ட அட்டையே இல்லை, இறக்கிக்கொள்ள ஒரு குறியீடுதான். பொதியவே இல்லாததைப் பொதி என்று எப்படிச் சொல்ல, ஐயா? 'இணைப்பு' என்பதும் ஆகாது; வார இதழோடு வரும் இலவச இணைப்பை நினைத்துச் சொன்னார்கள், ஆனால் கணினித் தமிழில் அந்தச் சொல் ஏற்கெனவே பத்து வேலை பார்க்கிறது.

தொண்ணூறுகளில் எங்கள் ஊர்க் கடையில் தொங்கிய நகல் கன்சோல்களை நினைத்துப் பாருங்கள். அட்டைப்பெட்டியைப் பிரித்தால் இரண்டு கைப்பிடி, ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி, மஞ்சள் கேசட் ஒன்று. வாத்தைத் தவறவிட்டால் புல்லுக்குள்ளிருந்து நாய் எழுந்து சிரிக்கும். அசல் நின்டெண்டோ கன்சோலுக்கும் அமெரிக்காவில் 1988 முதல் சூப்பர் மாரியோ பிரதர்ஸ், அந்த வாத்து சுடும் ஆட்டமான டக் ஹன்ட் இரண்டும் ஒரே கேசட்டில், துப்பாக்கியோடு ஒரே பெட்டியில் வந்தன. டக் ஹன்ட் 2.83 கோடி எட்டியதற்கு அதுவும் ஒரு காரணம். தனி கேசட் என்ன விலை என்று கேட்டால் எங்கள் கடைக்காரர் திருப்பிக் கேட்பார்: "கூட வர்ற கேசட் போதாதா?"

'கூட வர்ற' என்பதை எழுத்துநடைக்கு மாற்றினால் உடன்வரு ஆட்டம். அட்டையாக வந்தாலும் குறியீடாக வந்தாலும் பொருந்துகிறது. விலை பற்றியும் மதிப்பு பற்றியும் வாய் திறப்பதில்லை. சங்கப்பாட்டு வாடை அடிக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். சரி, 'உடன் வரும் ஆட்டம்' என்று பிரித்து எழுதினால் வாடை போய்விடும். அட்டவணைத் தலைப்பில் மட்டும் சுருக்கம் இருக்கட்டும்.

சோனியின் பிளேஸ்டேஷன் 5இல் ஆஸ்ட்ரோஸ் பிளேரூம் என்ற ஆட்டம் கன்சோலுக்குள் முன்பே பதிந்து வருகிறது. அதை இதில் சேர்க்க வேண்டாம், 'முன்பதிந்த ஆட்டம்' என்று தனியாக வைப்போம்.

பட்டியலில் நான் போட்டிருக்கும் அடிக்குறிப்பு இது: "வீ ஸ்போர்ட்ஸ் – ஜப்பான், தென்கொரியா நீங்கலாகப் பிற நாடுகளில் தொடக்கத்தில் உடன்வரு ஆட்டம்." வீ பிளேக்கு என்ன எழுதுவது என்றுதான் தெரியவில்லை. ஆட்டத்தோடு ரிமோட் வந்ததா, ரிமோட்டோடு ஆட்டம் வந்ததா? யாராவது கை கொடுங்கள்.