பாலே டான்ஸ் கதை: 11 வயசுப் புள்ளைக்கு எது வாங்கலாம்?

தங்கச்சிமடம்_சித்தி:

வணக்கம் மக்களே. எங்க அக்கா மவளுக்கு 11 வயசு, ஆறாவது முடிச்சுட்டு லீவுல இருக்கா. கிறிஸ்மஸ் சமயத்துல என் போன்ல எதையோ தேடப்போயி நட்கிராக்கர்னு ஒரு பாலே வீடியோ வந்துருச்சு, நுனிக்கால்ல நின்னு ஆடுற வெள்ளைக்காரங்க டான்ஸ், அன்னைக்குப் புடிச்ச கிறுக்கு இன்னும் எறங்கல, தண்ணி எடுக்கப் போனாலும் நுனிக்கால்ல தான் போறா. இங்க ராமேஸ்வரம் தீவுக்குள்ள பாலே கிளாசுக்கு நான் எங்க போவேன், சரி கதையாவது படிக்கட்டும்னு மதுரைக்குப் போனப்ப ரெண்டு இங்கிலீஷ் புத்தகம் வாங்கிட்டு வந்தேன்.

பேரு வேண்டாம், ரெண்டும் ஒரே கதை தான். ரோஸ் அட்டை, ஒரு புள்ள, அதைப் பாத்து பொறாமைப்படுற இன்னொரு புள்ள, நிகழ்ச்சிக்கு மொத நாள் காலு சுளுக்கிக்கிது, கடைசில எல்லாரும் எந்திரிச்சு கைதட்டுறாங்க. நான் வாசிச்சு வாசிச்சு தமிழ்ல சொல்லிட்டே வந்தேன், பாதியில இவ கேக்குறா, "சித்தி, இந்தப் புள்ளைக்கு பீஸ் யாரு கட்டுறா? அவுக அப்பா என்ன வேல பாக்குறாரு?"

புத்தகம் பூரா புரட்டிட்டேன், அப்பனுக்கு வேலையே எழுதல. இப்ப மீன்பிடித் தடைக்காலம்ல, ஏப்ரல் 15ல இருந்து மச்சானோட போட்டு கரையில தான் கெடக்கு, ஜூன் 14 வரைக்கும் 61 நாளும் வீட்ல கைய கடிக்குது, அதப் பாத்துட்டு தான் அவளுக்கு அந்த கேள்வி வந்துருக்கும். அந்தக் கேள்விக்குப் பதில் இருக்குற பாலே கதை ஏதாச்சும் இருக்கா? தமிழ்ல இருந்தா ரொம்ப நல்லது, இல்லேன்னா இங்கிலீஷே இருக்கட்டும், நான் சொல்லிக்குடுத்துக்கிறேன்.

ராம்நாடு_டீச்சர்:

அந்தப் புள்ள கேட்டது சரியான கேள்விம்மா. நோயல் ஸ்ட்ரெட்ஃபீல்ட் எழுதுன 'பாலே ஷூஸ்' வாங்குங்க. 1936ல வந்த புத்தகம், இன்னும் அச்சுல இருக்கு, பழைய புத்தகக் கடையிலயும் கெடைக்கும். எழுதுன அம்மா பல வருஷம் நாடக நடிகையா இருந்துட்டு எழுத வந்தவங்க, அதனால மேடைக்குப் பின்னாடி நடக்குறது எல்லாம் அவங்களுக்கு அத்துப்படி.

கதை லண்டன்ல. ஊர் ஊரா சுத்தி பாசில், அதாவது கல்லாப் போன பழங்கால உயிருங்களோட மிச்சம், பொறுக்குற ஒரு கிழவர், மூணு அனாதைக் குழந்தைங்களை ஒவ்வொண்ணா வீட்டுக்குக் கொண்டாந்து விடுறாரு. மொதக் குழந்தை கப்பல் மூழ்கினதுல பொழச்சது, நம்ம கடற்கரைப் புள்ளைக்கு அந்த எடமே புடிச்சுப் போகும். அப்பறம் அவரு கொஞ்சம் பணத்தை வச்சுட்டு கெளம்பிப் போயிடுறாரு, வருஷம் ஓடுது, ஆளைக் காணோம், பணம் தீருது. கதையே அங்க இருந்து தான் சூடு புடிக்கிது. வீட்டு ரூமை வாடகைக்கு விடுறாங்க. குடிவந்தவங்கள்ல ஒருத்தி டான்ஸ் டீச்சர், அவ சொல்லி தான் புள்ளைங்க மேடைப் பயிற்சிப் பள்ளிக்கூடத்துல சேருதுங்க, அதுவும் ஆசைக்கு இல்ல, நாளைக்கு சம்பாதிக்கணும்ங்கிறதுக்கு. 12 வயசு முடிஞ்சு லைசென்ஸ் வாங்குனா தான் மேடையில ஏறி காசு வாங்க முடியும், அதுக்காக அதுங்க நாளை எண்ணிட்டு இருக்குறதை வாசிக்கிறப்ப நமக்கே ஒரு மாதிரி இருக்கும். ஆடிஷனுக்கு, அதான் ஆள் தேர்வுக்கு, போட நல்ல கவுன் இல்லாம கழுத்து மாலையை அடகு மாதிரி குடுத்து காசு வாங்குற எடம் ஒண்ணு வரும், நம்ம ஊர்ல அதை யாருக்கும் வெளக்க வேண்டியதே இல்ல.

மூணு பேர்ல பாலே உயிரா இருக்குறது கடைசிப் புள்ள போஸி மட்டும் தான். நடுப்புள்ள பெட்ரோவாவுக்கு டான்ஸ்னாலே வேப்பங்காய், அவளுக்கு காரும் ஏரோப்ளேனும் தான், காசுக்காக ஆடுறா. புடிக்காததை வீட்டுக்காகச் செய்யுற குழந்தையை அந்தக் காலத்துலயே இவ்வளவு நேர்மையா எழுதிருக்காங்க. இங்கிலீஷ் கொஞ்சம் பழசு, நீங்க கூட உக்காந்து தான் வாசிக்கணும்.

கீழக்கரை_காக்கா:

எனக்கு ஒண்ணு தான் புரியல. கரகம் இருக்கு, ஒயிலாட்டம் இருக்கு, பரதம் இருக்கு, அதையெல்லாம் விட்டுட்டு வெள்ளைக்காரன் டான்ஸுக்கு கதைப் புத்தகம் தேடி மதுரை வரைக்கும் போகணுமா? தப்பா எடுத்துக்காதீங்க தங்கச்சி, மனசுல பட்டதை சொன்னேன்.

ராம்நாடு_டீச்சர்:

காக்கா, பரதம்னு சொன்னீங்கல்ல, அதுக்கு கலாக்ஷேத்ராங்கிற பள்ளியை ஆரம்பிச்ச ருக்மிணி தேவி மொதல்ல கத்துக்கிட்டது என்னன்னு நெனைக்கிறீங்க? பாலே தான். ரஷ்யாவோட பாலே ஆட்டக்காரி அன்னா பாவ்லோவா 1928ல பம்பாய்க்கு ஆட வந்தப்ப பாத்து மயங்கி, பின்னாடி ஆஸ்திரேலியா போற கப்பல்ல அதே பாவ்லோவா கூட பயணம் பண்ணி, அவங்க குழுவுல ஆடுன கிளியோ நோர்டி கிட்ட பாடம் கத்துக்கிட்டாங்க. உங்க நாட்டு ஆட்டத்தைப் போய்த் தேடுன்னு தூண்டி விட்டதும் பாவ்லோவா தான். கலாக்ஷேத்ரா தொடங்குன வருஷம் 1936, மேல சொன்ன புத்தகம் வந்த அதே வருஷம். இதை வச்சே புள்ளைங்களுக்கு ஒரு கதை எழுதலாம், கப்பல்ல ஒரு ரஷ்யக்காரி, ஒரு மெட்ராஸ்காரி, சுத்தி கடலு. யாராச்சும் எழுதுங்கப்பா.

கீழக்கரை_காக்கா:

அது தெரியாது டீச்சர். சரி, வாயை மூடிக்கிறேன் 😄

பாம்பன்_பய:

அக்கா, புத்தகம் இல்ல படம், 'பில்லி எலியட்', 2000ல வந்தது. இங்கிலாந்துல நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி மவன், 1984ல ஸ்ட்ரைக் நடக்குது, வீட்ல காசு இல்ல, பாக்சிங் கிளாசுக்குக் குடுத்த காசை பாலே கிளாசுக்குக் கட்டிருவான். அவுக அப்பன் மொதல்ல வெரட்டி அடிப்பாரு, அப்பறம் மவனை ஆடிஷனுக்கு அனுப்ப காசு வேணும்னு ஸ்ட்ரைக்கை ஒடைச்சுட்டு வேலைக்குப் போற பஸ்ல ஏறுவாரு பாருங்க, எங்கப்பாவும் போட்டுக்குப் போறவரு தான், எனக்கு தொண்டை அடைச்சுருச்சு. ஆனா கெட்ட வார்த்தை சரமாரியா வரும், மொதல்ல நீங்க மட்டும் பாருங்க.

அப்பறம் டீச்சர் சொன்ன கதைல பீஸ் யாரு கட்டுறான்னா, கடைசில பெரியவ பாலின் ஹாலிவுட்ல சினிமாவுக்கு ஒப்பந்தம் போட்டுப் போவா, அந்தக் காசுல தான் போஸி செக்கோஸ்லோவாக்கியா போயி படிப்பா. அக்காக்காரி தான் கட்டுறா.

ராம்நாடு_டீச்சர்:

தம்பி, முடிவை இப்படி போட்டு ஒடைச்சா எப்படிப்பா, நான் எவ்வளவு பாத்துப் பாத்து எழுதுனேன்.

ஒருகாலத்துல_ஆடுனவ:

சொந்த ஊர் தொண்டி, சின்ன வயசு பூரா சிங்கப்பூர்ல, அங்க ஏழு வருஷம் பாலே கத்துக்கிட்டேன், அப்பறம் முட்டி போச்சு. கதைப் புத்தகங்கள்ல எனக்கு எரிச்சல் வர்ற விஷயம் ஒண்ணு உண்டு. புள்ள கிளாஸ்ல சேந்து நாலாவது அத்தியாயத்துல பாயின்ட் ஷூ மாட்டி விரல் நுனில நிக்கும். அப்படியெல்லாம் நடக்காது. மெத்து ஷூவுல பல வருஷம் ஆடி, கணுக்காலும் பாதமும் பலப்பட்ட பெறகு, பொதுவா 11, 12 வயசுக்கு மேல தான் டீச்சர் விடுவாங்க, எலும்பு இன்னும் வளந்துட்டு இருக்கும்ல. சித்தி, உங்க புள்ள வெறுங்கால்ல குதிகாலைத் தூக்கி நடந்தா பரவால்ல, சுருண்ட விரல் நுனில சிமெண்டுத் தரையில நிக்க மட்டும் விடாதீங்க, குதிக்கவும் வேண்டாம். பாலே ஆடுற எடத்துல மரத்தரை போட்டு அடியில கொஞ்சம் அமுங்குற மாதிரி வச்சுருப்பாங்க, சிமெண்டுல குதிச்சா முழங்காலும் கெண்டைக்கால் எலும்பும் தான் வாங்கும்.

அந்த ஷூவுக்குள்ள மரக்கட்டை இருக்குன்னு நெறைய பேரு நெனைக்கிறாங்க. துணியும் காகிதமும் அடுக்கடுக்கா பசை போட்டு ஒட்டிக் காயவச்சது அது. வேர்வை பட்டா இளகிரும், பெரிய ஆட்டக்காரிங்களுக்கு ஒரு ஜோடி ஒரு ராத்திரி நிகழ்ச்சிக்கே தாங்காது. அதுக்கு யாரு காசு குடுக்குறான்னு கேக்கச் சொல்லுங்க உங்க புள்ளைய, எங்கம்மா அழுதுருக்காங்க. உள்ள விரல் ஒவ்வொண்ணுக்கும் டேப்பு சுத்திக்கிட்டு தான் மாட்டுவோம், அப்பவும் கொப்புளம். இந்தக் கொப்புளத்தை எழுதுற புத்தகம் தான் என் கணக்குல நல்ல புத்தகம்.

தங்கச்சிமடம்_சித்தி:

எல்லாருக்கும் நன்றி, ரெண்டு வாரம் கழிச்சு வர்றேன், கோச்சுக்காதீங்க. 'பாலே ஷூஸ்' பழசு ஒண்ணு கெடைச்சுது, ராத்திரிக்கு ரெண்டு மூணு பக்கம்னு போகுது. தம்பி சொன்ன முடிவை நான் அவகிட்ட சொல்லல. இப்போதைக்கு அவளுக்கு போஸியை அவ்வளவா புடிக்கல, "ரொம்பத்தான் பண்றா"ங்குறா. பெட்ரோவா தான் செல்லம், ஏன்னா இவுக அண்ணன் படிப்ப விட்டுட்டு போட்டுக்குப் போறான், அவனுக்கும் அது புடிக்காதாம், எங்க யார்கிட்டயும் சொன்னதில்ல, இவகிட்ட மட்டும் சொல்லிருக்கான்.

தொண்டிக்கார அக்கா எழுதுன டேப்பு விஷயத்தை வாசிச்சுக் காட்டுனேன். கேட்டுட்டு நேரா அவுக அப்பத்தா கிட்ட போயி கையைப் புடிச்சு திருப்பிப் பாக்குறா. அவுக சின்னப்பாலத்துல கடல்பாசி எடுக்குறவுக, கடலுக்குள்ள முங்கி பாறையில இருந்து பிச்சு எடுக்கணும், பாறை கிழிச்சுரும்னு விரலுக்கு விரல் துணி சுத்திக்கிட்டு தான் எறங்குவாக. இப்ப நோட்டுல ஒரு கதை எழுதிட்டு இருக்கா, தமிழ்ல தான். பாசி எடுக்குற அப்பத்தா, பாலே ஆடுற பேத்தி, பீஸ் எவ்வளவுன்னு மொதப் பக்கத்துலயே எழுதிட்டா, மாசம் 200 ரூவாயாம், நான் சிரிக்கல.

அப்பத்தாவுக்கு வாசிச்சுக் காட்டுனா. எல்லாத்தையும் கேட்டுட்டு அவுக கேட்டது ஒண்ணே ஒண்ணு தான், "ஏம்ட்டி, நுனிக்கால்ல நின்னு அப்படி எதைத் தான் எட்டிப் பறிக்கப் போறா?" அதுக்கு என்ன எழுதுறதுன்னு மூணு நாளா பேனாவைக் கடிச்சுக்கிட்டு உக்காந்துருக்கா.